மீன் மிதக்காத ஏரியிலும் கேடு உண்டு

மீன் செத்து மிதந்தால்தான் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பதறுகிறோம். ஹார்மோனும் ஹார்மோன் போன்ற வேதிப்பொருளும் தண்ணீரில் கலக்கும் ஹார்மோன் மாசைப் பொறுத்தவரை முதல் தவறே அதுதான். இருக்கும் மீனை விட்டுவிட்டுப் பிறக்க வேண்டிய மீனைத் தடுக்கும் மாசு இது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்று ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றின் எண் 260. கேரன் கிட் தலைமையிலான குழு 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோனை, அதில் கலந்து பார்த்தது. லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒரு கிராமை ஏறக்குறைய 20 கோடி லிட்டரில் கரைத்த அளவு. இவ்வளவு சொற்பம் என்ன செய்துவிடும் என்று ஒதுக்குவது அடுத்த தவறு. உடலுக்குள் ஹார்மோன் வேலை செய்வதே இப்படிப்பட்ட நுண்ணிய அளவுகளில்தான்.

அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரல் நீள மீன் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் மூக்கில் வெண்மணிபோல் முள்முடிச்சுகள் முளைக்கும். பிடரியில் மெத்தென்ற திண்டு வளரும். கல்லடியில் ஒட்டிய முட்டைகளை அந்தத் திண்டால் தேய்த்துத் துப்புரவாக்கிக் காவல் இருப்பது தகப்பன் மீன்தான். அந்த ஆண்களின் உடலில், பெண் மீன் முட்டைக்காகச் சுரக்கும் மஞ்சள் கருப் புரதம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. விந்தணு முதிர்வது தடைப்பட்டது. சிலவற்றின் விந்தகத்துக்குள்ளேயே முட்டைச் செல்கள் தென்பட்டன. பெண்களின் சூலகமும் பாதிக்கப்பட்டது. குறுகிய ஆயுள் கொண்ட மீன் என்பதால் குஞ்சு வரத்து நின்றதும் கூட்டம் அடியோடு சரிந்தது. இரை குறைந்து டிரவுட் மீன்களும் மெலிந்தன.

கொடுவா மீன்கூட ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கொடுவாவுக்கு அது இயற்கை. மாறியபின் முழுப் பெண்ணாக முட்டையிடுகிறது. மின்னோவிடம் கண்டது சிதைந்த விந்தகம்.

பழி முழுவதையும் மாத்திரை மீது, அதாவது பெண்கள் மீது, போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதர், கால்நடைகளின் சிறுநீரிலேயே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ஆலைகளின் சலவைப் பொருள்கள் சிதைந்து, ஈஸ்ட்ரோஜன் போலவே செயல்படும் நோனைல்ஃபீனால் என்ற வேதிப்பொருளாகின்றன. புளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த நீரில், பெண் கொசுமீன்களுக்கு ஆணுக்குரிய நீண்ட துடுப்பே வளர்ந்தது.

இனி மீளாது என்று கைவிடுவதும் தவறு. மருந்தை நிறுத்திய சில ஆண்டுகளில் 260ஆம் ஏரியின் மின்னோக்கள் மறுபடி பெருகின. உங்கள் ஊர் ஆற்றைச் சோதிக்க வருபவர்களிடம், ஆண் மீன் ரத்தத்தில் மஞ்சள் கருப் புரதம் இருக்கிறதா, இந்த ஆண்டுக் குஞ்சுகள் வலையில் விழுகின்றனவா என்று கேளுங்கள்.