பழைய ஸ்னைப்பர் துப்பாக்கி: மரக்கட்டை அசல்தானா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் ஸ்னைப்பர் துப்பாக்கியான லீ என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி) ஒன்றைச் சேகரிப்புக்காக வாங்க நினைப்பவர்கள், அதன் தொலைநோக்கியை வியந்து பார்ப்பதற்கு முன், தோளில் அணைக்கும் பின்கட்டையைக் கவனிப்பது நல்லது. தேர்ந்தெடுத்த நம்பர் 4 துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனமே ஸ்னைப்பராக மாற்றியமைத்ததால், அதன் போர்க்காலக் குறியீடான ‘எஸ் 51’ அக்கட்டையின் அடிப்பக்கத்தில் பதிந்திருக்கும். கைப்பிடி ஒடுங்கும் இடத்தின் மேற்புறத்தில், அத்துப்பாக்கிக்கெனப் பொருத்திய நம்பர் 32 தொலைநோக்கியின் எண் குத்தப்பட்டிருக்கும். பழைய எண் கோடிட்டு அடிக்கப்பட்டு வேறோர் எண் இருந்தால் போலி என்று உடனே ஒதுக்கிவிட வேண்டாம், பணிக்காலத்திலேயே தொலைநோக்கி மாறியிருக்கலாம். கன்னம் பதிக்கும் மரத்துண்டு இரண்டு திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும், ஆனால் அது தனியாகவும் விலைக்குக் கிடைப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. முத்திரையின்மீது கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: பழைய முத்திரையில் ஓரங்கள் மழுங்கி, பள்ளத்திற்குள் எண்ணெயும் அழுக்கும் படிந்திருக்கும், கறுத்த மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே வெளிர்மரம் தெரிந்தால், அது அண்மையில் குத்தியதாகவே இருக்கும். அழுக்காக இருக்கிறதே என்று யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்ட கட்டையில் இந்தத் தடயங்கள் எதுவும் மிஞ்சாது.