பிள்ளைகளை வைத்து நிகழ்ச்சி எடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்குக்கு பேட்டரி எடுத்து வர மறப்பது, உச்சி வெயிலில் பிள்ளைகளை நிறுத்துவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு நாள் பட்டால் தானாகப் புரிந்துவிடும். திருநெல்வேலிப் பக்கம் சிறுவர் நிகழ்ச்சி எடுக்க வரும் புதியவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். அதில் சிலதுதான் இது.

பிள்ளைகளுக்கு ஒத்திகை வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் ஒரு படப்பிடிப்பு. ஊருக்குள்ளேயே மரங்களில் கூழைக்கடா கூடு கட்டும் இடம். கேமரா இன்னும் பெட்டிக்குள் இருக்க, ‘பிள்ளைகள் முதலில் இடத்தைப் பார்த்துப் பழகட்டும்’ என்று புது இயக்குநர் அவர்களை மரத்தடிக்குக் கூட்டிப் போய்விட்டார். மேலே ஒரு குஞ்சு, இரைக்காகத் தாயின் வாய்க்குள் தலையை விட்டது. கழுத்துவரை உள்ளே போய்விட்டது. “ஏல, குஞ்ச முழுங்கிட்டுலே!” என்று ஒரு பயல் அலறினான். பக்கத்தில் நின்ற சிறுமி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“சூப்பர்! இதையே டேக்ல சொல்லு” என்றார் இயக்குநர். அவ்வளவுதான், காரியம் கெட்டது. டேக்கில் அந்தப் பயல் கையைக் கட்டிக்கொண்டு, திருக்குறள் ஒப்பிப்பது போல அதே வரியைச் சொன்னான். மதியம்வரை திரும்பத் திரும்ப எடுத்தும் தேறவில்லை. வண்டி வாடகை, கேமரா வாடகை எல்லாம் போச்சு. எடிட்டிங்கில் அந்தக் காட்சியையே தூக்கிவிட்டார்கள்.

ஒத்திகை வேண்டியது உங்களுக்கும் கேமராமேனுக்கும்தான். முந்தின நாளே போய் எந்த மரம், எந்நேரம் எந்தப் பக்கம் வெயில் என்று பார்த்து வையுங்கள். பிள்ளைகளுக்குக் காலர் மைக்கை வேனிலேயே மாட்டிவிடுங்கள். அவர்கள் இறங்கும் முன்பே கேமரா ஓடட்டும், அவர்கள் கண் உயரத்தில். ‘ஆக்‌ஷன்’ என்று கத்தவே வேண்டாம். கிளாப் பலகையைக் கடைசியில் தலைகீழாகப் பிடித்து அடித்தால், அது ஷாட் முடிவில் அடித்தது என்று எடிட்டருக்குப் புரியும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘அது என்ன செய்யுது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் புதியவர்களுக்குப் பொறுக்காது, பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

அம்மாவை மானிட்டர் பக்கத்தில் உட்கார வைப்பது

பிள்ளை வரிக்கு வரி அம்மா முகத்தையே பார்க்கும். அம்மா அருகிலேயே இருக்கட்டும், ஆனால் பிள்ளையின் முதுகுப் பக்கம்.

மிட்டாய் ஆசை காட்டுவது

அடுத்த ஷாட்டுக்கு ரெண்டு கேட்கும்.

அனுமதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நடிக்க வைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். 2017-இல் திருத்திய மத்திய அரசு விதி இது. நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்களும் சறுக்குவது, ‘அப்படியே குற்றாலத்துல ரெண்டு ஷாட்’ என்று கிளம்பும்போதுதான். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. கொக்கிரகுளத்தில், அதாவது திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், வாங்கிய தாள் அங்கே செல்லாது. அருவிதான் வேண்டுமென்றால் மணிமுத்தாறு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதற்கு வனத்துறையிடமும் கேட்டாக வேண்டும்.