வேல்ஸ் கிராமத் தேவாலயத்தின் வயதைக் கணிப்பது எப்படி

சன்னலை மட்டும் பார்த்து வயது சொல்லாதீர்கள். ஒல்லியான கூர்வளைவு என்றால் 13-ஆம் நூற்றாண்டு, தலை சதுரமான பல பிரிவுச் சன்னல் என்றால் 1500-ஐ ஒட்டிய காலம் என்ற கணக்கு பொதுவாகச் சரிதான். ஆனால் பழைய சுவரில் சன்னலை மட்டும் மாற்றுவது அங்கே சர்வ சாதாரணம். 19-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் பழைய பாணியிலேயே புதிதாகச் செதுக்கியும் வைத்தார்கள். உளித்தடம் ஒரே சீராக, விளிம்பு மழுங்காமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சுவரிலிருந்து தொடங்குங்கள். சன்னல் குறைவான வடக்குச் சுவரே பெரும்பாலும் அதிகம் கைபடாதது. கல்வரிசை தொடராமல், மேலிருந்து கீழே ஒரே நேராக இணைப்பு ஓடுகிறதா? அந்த இணைப்பில் மூலைக்கற்கள் உள்ள பக்கம் மூத்தது. அதை ஒட்டி நிற்பது பிற்பாடு கட்டியது. கல்லறைத் தோட்டம் வட்டமாக இருந்தால் இடம் தொன்மையானதாக இருக்கலாம். கட்டடத்துக்கு அது சாட்சி அல்ல. அங்கே நிற்கும் பெரிய யூ மரமும் (நெடுங்காலம் வாழும் ஊசியிலை மரம்) அப்படித்தான்.

உள்ளே போனதும், பீடப்பகுதிக்கு முன்னால் சுவரின் மேல்பாதியில் அடைத்த சிறு வாசலைத் தேடுங்கள். பீடப்பகுதியை மக்கள் அமரும் பகுதியிலிருந்து பிரிக்கும் மரத்திரையின் மேலிருந்த பரணுக்கு ஏறிய வழி அது. 1561-இல் பரண்களை இறக்கச் சொல்லி அரச ஆணை வந்தது. பல ஊர்களில் வாசல்தான் மிச்சம்.

பரணோடு பார்க்க, பிளாக் மவுன்டன்ஸ் மலைச்சரிவிலுள்ள பாட்ரிஷோ தேவாலயத்துக்குப் போங்கள். சுமார் 1500-இல் செய்த ஓக் திரை, வண்ணம் பூசாமல் நிற்கிறது. குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு டிராகன். அதன் வாயோடு திராட்சைக்கொடி இழையோடுகிறது. திரைக்கு முன்னால் இரு பக்கமும் கல் பீடங்கள்; 1550-இல் கல் பீடங்களை அகற்றச் சொன்ன ஆணைக்கும் தப்பியவை. ஞானஸ்நானத் தொட்டி இன்னும் மூத்தது: கெனில்லின் என்ற ஆட்சியாளர் காலத்தில் மென்ஹிர் என்பவர் செய்ததாக அதன் விளிம்பில் லத்தீனில் வெட்டியிருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. தொட்டியைச் சுவரோடு கட்டவில்லை என்பதால், அந்த வயதைச் சுவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சுண்ணாம்புப் பூச்சு. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தால் மேடுபள்ளமும் அடைத்த வாசலின் விளிம்பும் தெரியும். பாட்ரிஷோவின் மேற்குச் சுவரில் மணற்கடிகையும் மண்வெட்டியும் ஏந்திய எலும்புக்கூடு வரைந்திருக்கிறது. இப்படிப் பல ஓவியங்கள் பூச்சுக்கு அடியில் தூங்குகின்றன. தெற்கு வேல்ஸின் லான்கார்வன் தேவாலயத்தில் 2008-இல்தான் புனித ஜார்ஜ் ஓவியம் வெளிப்பட்டது. அதனால் நகத்தாலும் சுரண்டாதீர்கள். பூச்சோடு ஓவியமும் உரிந்து வந்துவிடும்.