புரோக்கரின் இரண்டு நிமிடம்: நடந்தே வாழ ஓர் ஊர் தேடுவது எப்படி?

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் கோயிலுக்கும் காய்கறிக்கும் யார் துணையும் இல்லாமல் போய்வர வேண்டும் என்று பிடிவாதம். பழைய மகாபலிபுரம் சாலையோர அடுக்குமாடியில் மூன்று வருடம் இருந்தோம். கொத்தமல்லிக் கட்டுகூட ஆப்பில்தான் வந்தது. வேலை வீட்டிலிருந்தே என்று ஆனதும் வேறு ஊர் பார்க்க இறங்கினேன். எட்டு மாத அலைச்சல், நடுவில் ஒரு டோக்கன் அட்வான்ஸ் போனது, கடைசியில் ஸ்ரீரங்கம். அந்த அலைச்சலில் கற்ற முறை இது.

படி 1: போகும் இடங்களை எழுதுங்கள்

போன வாரம் வீட்டை விட்டு எங்கெல்லாம் போனீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். போன வாரம் நிஜமாகப் போனது மட்டும். இனிமேல் போகப்போகும் ஜிம் வேண்டாம். எங்கள் பட்டியல்: பால், காய்கறி, மருந்துக் கடை, கோயில், பஸ் நிறுத்தம், எலும்பு டாக்டர். அவ்வளவுதான்.

படி 2: தெருவின் வடிவத்தைப் பாருங்கள்

மோட்டார் வண்டிகளுக்கு முன்பே உருவான ஊர்ப்பகுதிகளில் தேடுங்கள். மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோயிலைச் சுற்றுகின்றன. ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்களில் வீடும் கடையும்தான். மயிலாப்பூரில் நான்கு மாட வீதிகள், பக்கத்திலேயே திருமயிலை ரயில் நிலையம். புதுச்சேரியில் கட்டம் போட்டது போன்ற தெருக்கள். செயற்கைக்கோள் படத்தில் அடிக்கடி முனை திரும்புகிறதா, ஒரே இடத்துக்கு நாலு வழி இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான ஒற்றைச் சாலை, ஒரே கேட், சுற்றிலும் மதில் என்றால் அடுத்த ஊர்.

வாக் ஸ்கோர் என்று 100-க்கு மதிப்பெண் போடும் தளம் ஒன்று உண்டு. அது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவுக்கானது. அதில் நம் ஊரைத் தேடி நான் ஒரு மாலையை வீணாக்கினேன், நீங்கள் செய்யாதீர்கள்.

படி 3: வட்டம் போடாதீர்கள்

இங்கேதான் நான் விழுந்தேன். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) நெடுஞ்சாலையோரப் புறநகர் ஒன்றில் வீடு கிடைத்தது. வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்து 500 மீட்டருக்கு வட்டம் போட்டேன். சந்தை, ரயில் நிலையம், டாக்டர், மூன்றும் உள்ளே! புரோக்கர் வேறு, "ரெண்டு நிமிஷம் சார், நடந்தே போயிடலாம்" என்றார். டோக்கன் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தை சாலைக்கு எதிர்ப்பக்கம். நடுவில் தடுப்புச்சுவர், அதன்மேல் கம்பி வேலி. சிக்னலுக்குப் போய்ச் சுற்றி வந்தால் அரைமணி நேரம். ரயில் பாதையும் சாலையை ஒட்டியே ஓடுவதால் அதற்கு அப்பால் போக நடைமேம்பாலம். அம்மா பதினோராவது படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றார். "நீ போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். புரோக்கர் சொன்ன இரண்டு நிமிடம் பைக்கில், அதுவும் எதிர்த்திசையில்.

அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் கூகுள் மேப்ஸில் நடைவழி கேட்டு, எத்தனை பெரிய சாலைகளைக் கடக்கிறோம் என்று எண்ணுங்கள். என் கணக்கு: நாலு வழிச் சாலை ஒன்று குறுக்கே வந்தால் 500 மீட்டர் கூட்டிக்கொள்வேன். படியேறும் மேம்பாலம் வந்தால் அந்த இடமே இல்லை என்று அடித்துவிடுவேன்.

மேப்ஸில் கிளம்பும் புள்ளியை வீட்டின் கேட்டில் வையுங்கள், கட்டடத்தின் நடுவில் வேண்டாம். இல்லாவிட்டால் பின்மதிலைத் தாண்டிக் குதிக்கச் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர் என்பார்கள். அது என் வேகம். அம்மாவுக்கு 250 மீட்டர். வீட்டில் யார் மெதுவாக நடப்பவரோ அவர் வேகத்தில்தான் அளக்க வேண்டும். சந்து பொந்துகளுக்கு எனக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் பிடிக்கும், விடுபட்டதை நாமே வரைந்து சேர்க்கலாம்.

படி 4: மூன்று வேளை போங்கள்

காலை ஏழு, உச்சிவெயில் ஒன்று, இரவு எட்டு. முடிந்தால் மழை பெய்த மறுநாளும். புரோக்கர் வண்டியில் ஏறாதீர்கள். இஸ்திரி வண்டிக்காரரிடமும் பூக்கார அக்காவிடமும் கேளுங்கள், தண்ணீர் எங்கே தேங்கும், தெருவிளக்கு எங்கே எரியாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நான் அளவு நாடாவும் கொண்டுபோனேன். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் 103-ஆம் வழிகாட்டி (2012 பதிப்பு), குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இப்போது நாங்கள் இருக்கும் தெருவில் நடைபாதையே கிடையாது. ஆனால் மாடும் சைக்கிளும் கோலமும் இருக்கும் தெருவில் எவனும் விரட்டி ஓட்ட முடியாது, அம்மா எங்கே வேண்டுமானாலும் கடக்கிறார். டைல்ஸ் போட்ட நடைபாதையா, மெதுவாகப் போகும் வண்டிகளா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான்.

வாடகை ஒப்பந்தமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

பிற்சேர்க்கை 1: சக்கர நாற்காலிக்கு இந்த முறை உதவுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. அதே வழிகாட்டி, நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. அதையும் அளந்துவிட்டு, சரிவு இருக்கிறதா, அதன் முன்னால் பைக் நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வண்டி கிடையாதே, அங்கே குடிபோகலாமா என்கிறார் ஒருவர். உலாவ அருமை. ஆனால் பட்டியலை எடுங்கள்: அங்கிருந்து காய்கறிக்கு எவ்வளவு தூரம்?

பிற்சேர்க்கை 3: கோயில் ஊர்க்காரர்களுக்கு. வைகுண்ட ஏகாதசிக்குத் தெருமுனையில் தடுப்புக் கட்டைகள் வந்துவிட்டன, அன்றைக்குத்தான் அம்மாவுக்கு டாக்டர். ஆட்டோ உள்ளே வராது. முன்பணம் கொடுக்கும் முன், திருவிழா அன்று ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள்.