வாத்தும் கோழியும் ஒரே இடத்தில்: பறவைக் காய்ச்சல் தாவாமல் பிரித்து வளர்க்கும் முறை

பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு நீர்ப்பறவைகள்தான் தாய்வீடு. வாத்தின் குடலில் சத்தமில்லாமல் பெருகி எச்சத்தோடு வெளியேறும். குளிர்ந்த குளத்து நீரில் வாரக்கணக்கில் தாங்கும். அதுவே கோழிக்குத் தாவினால் கதை மாறுகிறது. இந்த வைரஸின் எச்5, எச்7 வகைகள் கோழிகளுக்குள் சுற்றும்போது அதன் மேற்பரப்பில் உள்ள புரதத்தில் சிறு மாற்றம் ஏற்படலாம். அதுவரை மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டும் பெருகிய வைரஸ், பிறகு எல்லா உறுப்புகளிலும் பெருகும். கோழிகள் ஓரிரு நாளில் கொத்துக் கொத்தாகச் சாகும்.

வாத்து எப்போதும் தப்பிக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2014-ல் கேரளத்தின் குட்டநாட்டில் எச்5என்1 வகை வைரஸ் ஆயிரக்கணக்கான வாத்துகளைக் கொன்றது.

பிரிக்கும்போது நடுவில் வலை கட்டினால் மட்டும் போதாது. எச்சம் கலந்த தண்ணீர் வலைக்கு அடியில் ஓடும். வாத்துப் பட்டி தாழ்வான பக்கம் இருக்கட்டும். காடை இரு பக்க வைரஸுக்கும் எளிதில் இடம் கொடுக்கும் என்பதால் அதற்கும் தனி இடம் வேண்டும். காலையில் முதலில் கோழியைக் கவனியுங்கள், கடைசியில் வாத்தை. செருப்பு, வாளி, துடைப்பம் எல்லாம் தனித்தனி. அட்டை முட்டைத் தட்டைக் கழுவ முடியாது, பிளாஸ்டிக் தட்டுக்கு மாறுங்கள்.

கோழிக்குக் குளத்துத் தண்ணீர் கூடவே கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் 1000 லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, அரை மணி நேரம் விட்டுக் கொடுக்கலாம். வாசலில் கால் நனைக்கும் தொட்டிக்கு 10 லிட்டருக்கு 300 கிராம் பிளீச்சிங் பவுடர். பலர் சறுக்குவது இங்கேதான்: சேறோடு காலை முக்கினால் குளோரின் முழுவதையும் சேறே தின்றுவிடும். முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு முக்குங்கள். தொட்டி நிழலில் இருக்கட்டும், கரைசலைத் தினமும் மாற்றுங்கள். பழைய, கட்டிதட்டிய பவுடரில் வீரியம் இருக்காது.

புதுப் பறவைகளை 21 நாள் ஒதுக்கி வையுங்கள்.

கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாய்வது, காலில் ரத்தத் திட்டு, தோல்முட்டை (ஓடு கெட்டியாகாத முட்டை), வாத்தானால் கழுத்து திருகி வட்டமிடுவது: இவற்றோடு திடீர்ச் சாவும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயும் இப்படித்தான் தெரியும். ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லும். செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கும் தூக்கிப் போக வேண்டாம். போன் செய்து மருத்துவரை வரச் சொல்லுங்கள்.