அப்ரைட் ஃப்ரீசரில் பனி கட்டுகிறதா? சுரண்டும் முன் இதைப் பாருங்கள்

அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் ஃப்ரீசரின் இழுப்பறையை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது, உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளையாகப் பனி. கை தானாகக் கத்தியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். பனி எந்த இடத்தில் கட்டியிருக்கிறது என்பதுதான் ஏன் கட்டியது என்பதற்கான துப்பு. அதைப் பார்க்காமல் கரைத்துவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி அதே வேலை. கரைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுடையது எந்த வகை?

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் குளிரூட்டும் குழாய்ச் சுருள் ('காயில்') பின்பலகைக்குப் பின்னால் இருக்கும். ஒரு ஃபேன் அங்கிருந்து குளிர்காற்றைத் தள்ளும். காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது தானாகவே கரைத்துவிடும். இந்த வகையில் உள்ளே கனமாகப் பனி தெரிந்தால் ஏதோ கோளாறு.

நாமே டிஃப்ராஸ்ட் செய்ய, அதாவது பனியைக் கரைக்க வேண்டிய வகையில் குளிரூட்டும் குழாய்கள் தட்டுகளிலோ சுவரிலோ ஓடும். அதில் பனி படிவது இயல்பு. சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன் வந்ததும் கரைத்தால் போதும்.

2. பனி எங்கே?

கதவு ஓரத்திலும் முன்பக்கத்துப் பொருட்கள் மேலும் என்றால், வெளிக்காற்று நுழைகிறது. பனியாக மாறுவது அந்தக் காற்றில் உள்ள ஈரம்தான். அப்ரைட் ஃப்ரீசரில் கதவைத் திறந்ததும் கனமான குளிர்காற்று கீழே வழிந்து போய்விடும், அந்த இடத்துக்கு வெளிக்காற்று ஏறி வரும். அதனால் கதவு லேசாகத் திறந்திருந்தாலே பனி மளமளவென்று ஏறும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் பின்பலகை மட்டும் பனியால் மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் பக்கம் சந்தேகப்படலாம். கூடவே காற்று வீச்சு குறைந்திருக்கும், சில சமயம் ஃபேன் இறக்கை ஐஸில் உரசி 'கரகர' என்று சத்தம் வரும்.

அடித்தளத்தில் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருந்தால் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறது.

பொட்டலத்துக்குள் மட்டும் பனி என்றால் அது உணவிலிருந்தே வந்த ஈரம். ஃப்ரீசரைக் குறை சொல்ல வேண்டாம். சூடாக வைத்தீர்களா, பையில் காற்று இருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

3. கதவு ரப்பர்

பெரும்பாலும் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். தாள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. சுற்றிலும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் பாருங்கள். கீழ்மூலையையும் கீல் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், எல்லோரும் கைப்பிடி பக்கம் பார்த்துவிட்டு 'சரியாத்தான் இருக்கு' என்று முடித்துவிடுவார்கள்.

ரப்பரின் மடிப்பை விரித்தால் உணவுத் துணுக்கும் கறுப்புப் பிசுக்கும் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். ரப்பர் நெளிந்திருந்தால், சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அங்கே கொஞ்ச நேரம் வைத்து, கையால் நேராக்குங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், முன்கால்களை லேசாக உயர்த்தினால் கதவு தானாகச் சாய்ந்து மூடும். உள்ளே ஏதாவது துருத்திக்கொண்டு கதவைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

4. கரைப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள். பொருட்களை ஐஸ் பெட்டிக்கோ வேறு ஃப்ரீசருக்கோ மாற்றிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, கீழே பழைய துண்டுகளைப் போடுங்கள். அவசரம் என்றால் சுடுதண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைக்கலாம். தளர்ந்த ஐஸைக் கையாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ எடுங்கள்.

கத்தி, ஸ்குரூடிரைவர் கூடவே கூடாது. குழாய் ஓட்டையானால் உள்ளே இருக்கும் குளிரூட்டும் கேஸ் போய்விடும், ஃப்ரீசரும் போன மாதிரிதான். இப்போது பல மாடல்களில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் ஒரு முழு நாள் விடுவது நல்லது. வடிதுளைக்குள் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றி, இறங்குகிறதா என்று பாருங்கள்.

5. திரும்ப ஓடவிட்டு

உள்ளே துடைத்துக் காயவைத்து, பிளக்கைச் சொருகி, மைனஸ் 18 டிகிரி வந்த பிறகே பொருட்களை அடுக்குங்கள்.

கதவு சரியாக மூடியும் சில நாட்களில் பின்பலகையில் பனி திரும்ப வந்தால், டிஃப்ராஸ்ட் ஹீட்டர், அதன் தெர்மோஸ்டாட், டைமர் அல்லது போர்டு, இவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை. மின்சார வேலை பழக்கமில்லாதவர்கள் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எடுத்து வைத்த படத்தைக் காட்டி, 'முழுசாக டிஃப்ராஸ்ட் செய்த பிறகும் திரும்ப வருது' என்று சொல்லுங்கள். கேஸ் நிரப்பினால் சரியாகிவிடும் என்று எடுத்த எடுப்பில் சொன்னால், பலகையைக் கழற்றிக் காயிலைக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் குறைந்திருந்தால் பொதுவாகக் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி இருக்கும். காயில் முழுக்க மூடியிருந்தால் முதலில் ஹீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.