ஹரிதாஸ் படத்தைக் கூத்து பார்க்கிற மாதிரி பாருங்கள்

எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடி நடித்த பழைய படம் ஹரிதாஸ் எனக்கு உயிர். ஆனால் வேலூர் சத்துவாச்சாரியில் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் தடவை போட்டுக் காட்டியபோது, இருபது நிமிடத்தில் ஒவ்வொருவராக எழுந்து மாடிக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் தடவை ஊரில், ஆரணிப் பக்கம், ஆயாவையும் (எங்கள் பாட்டி) உட்கார வைத்துப் போட்டேன். அதே பிள்ளைகள் கடைசிவரை பார்த்தார்கள். நடுவில் நான் மாற்றியதெல்லாம் போட்டுக் காட்டுகிற விதத்தைத்தான், அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுங்கள், முழுசாக, முடிவு வரைக்கும். பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையின் சாயல்தான். ஹரிதாஸ் பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பெற்றவர்களை விரட்டுகிறான், தாசி ரம்பாவிடம் சொத்தை இழக்கிறான், முனிவரை அவமதித்துக் கால்களை இழக்கிறான், பிறகு திருந்தி அம்மா அப்பாவுக்குப் பணிவிடை செய்கிறான், கிருஷ்ணனே வாசலில் வந்து நின்றபோதும் பணிவிடை முடியட்டும் என்று ஒரு செங்கல்லைப் போட்டு நிற்கச் சொல்கிறான். இதைச் சொன்னால் சுவாரசியம் போய்விடாதா என்று கேட்பீர்கள். நம் வட ஆற்காட்டுக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ணன் சாவான் என்று தெரிந்துதான் கர்ண மோட்சத் தெருக்கூத்துக்குப் போய் விடிய விடிய உட்காருகிறோம். என்ன நடக்கும் என்று தெரிந்த பிறகு எப்படிப் பாடுகிறார்கள், எப்படித் தாங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் மனசு காத்திருக்கும்.

பாட்டும் அப்படித்தான். வாழ்விலோர் திருநாள் என்று பாகவதர் குதிரை மேல் பாடிக்கொண்டு வருகிறபோது கதை ஓர் அங்குலம் நகராது. பிள்ளைகளுக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாட ஆரம்பித்து, திரையை விலக்கி வெளியே வந்து ஆடி, நான் இன்னார் என்று சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைவுபடுத்துங்கள். ராஜா வந்துவிட்டார், அவ்வளவுதான் நடந்திருக்கும், ஆனால் அந்த வருகையே ஒரு விருந்து. நகைச்சுவை ஜோடி என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் வருகிற இடங்களையும் இதே கணக்கில் வையுங்கள். கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே வந்து பேசுவதை யாரும் கதைக்குச் சம்பந்தமில்லை என்று குறை சொன்னதில்லையே.

சத்தத்துக்கு வருவோம். டிவியோடு வருகிற ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், போனில் வேண்டவே வேண்டாம். தனியாக ஒரு ஸ்பீக்கர் வைத்து, பேஸ் முழுக்கக் குறைத்துவிடுங்கள். எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒலிப்பதிவில் அடித்தொண்டைச் சத்தமாக வருவது பெரும்பாலும் இரைச்சல்தான், பாகவதரின் குரல் மேலே இருக்கிறது. இணையத்தில் நாலைந்து பிரதி கிடைக்கும். படம் எது தெளிவு என்று பார்க்காமல் பாட்டு எதில் அறுபடாமல் வருகிறது என்று பார்த்து எடுங்கள். கிருஷ்ணா முகுந்தா முராரே ஒன்றை மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் அரை நிமிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

படத்துக்கு முந்தின நாள் மன்மத லீலையை வென்றார் உண்டோ பாட்டைத் தனியாகக் கேட்க வையுங்கள். பாபநாசம் சிவன் எழுதியது, சாருகேசி ராகம். அந்த ராகத்தைச் சினிமா ரசிகர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்ததே இந்தப் பாட்டுதான் என்பேன். ஒரு தடவை காதில் விழுந்திருந்தால் போதும், மறுநாள் ரம்பாவாக வரும் டி.ஆர்.ராஜகுமாரி கண்ணாலேயே பதில் சொல்லிக்கொண்டு ஆடுகிறபோது எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் முத்தத்தைக் காற்றில் விடுகிற அந்த ஒரு கணத்துக்காக எங்கள் வீட்டில் மூன்று தடவை பின்னால் ஓட்டினோம்.

இப்போது குறைகள். மறைக்காதீர்கள், படம் போடுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். ஹரிதாஸ் செய்கிற தப்புக்கெல்லாம் பழி பெண்கள் தலையில் விழுகிறது. பெற்றவர்கள் தெருவுக்கு வந்ததற்கு மனைவி காரணம், சொத்து போனதற்கு ரம்பா காரணம், மோட்சம் மட்டும் அவனுக்கு. மனைவியாக வரும் என்.சி.வசந்தகோகிலம் எப்பேர்ப்பட்ட பாடகி, அவருக்கு இந்தப் படம் கொடுத்தது கொடுமைக்கார மருமகள் வேஷம். எனக்கு இது ஒவ்வொரு தடவையும் உறுத்துகிறது, உறுத்த வேண்டும். திரௌபதியின் சேலையை உருவுகிற துகில் கூத்தில் துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். நடக்கப்போவது தப்பு என்று ஆடுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். அந்த மனசோடு உட்கார்ந்தால் படத்தையும் ரசிக்கலாம், தப்பையும் தப்பு என்று சொல்லலாம். என் தங்கை அன்று ரம்பாவின் பக்கம் நின்று அரை மணி நேரம் வாதாடினாள், ஆயாவும் அவளோடு சேர்ந்துகொண்டார்.

திருந்துகிற இடம் அவசரமாக வரும். அதற்கும் பதில் வைத்திருங்கள்: யுத்த காலத்தில் பிலிம் தட்டுப்பாடு, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. நாலைந்து மணி நேரக் கதையை இரண்டு மணி நேரத்துக்குள் இயக்குநர் சுந்தர் ராவ் நட்கர்ணி முடித்தாக வேண்டியிருந்தது.

இடைவேளை கட்டாயம் விடுங்கள். ஆற்காடு மக்கன் பேடா ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் இதைச் சொல்லுங்கள்: 1944 தீபாவளிக்கு வெளியான படம், சென்னை பிராட்வே தியேட்டரில் 1946 தீபாவளி வரை, மூன்று தீபாவளி பார்த்தது. வெளியான வருஷம் முடிவதற்குள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள், 1947இல்தான் விடுதலை. ஆக தியேட்டரில் கூட்டம் இந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில் பாடினவர் சிறையில் இருந்தார். இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் பாகவதர் முகத்தைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். யாராவது ஒருவர் கிருஷ்ணா முகுந்தாவை இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஆயா சொன்னார். போட்டோம், அவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார், சொல் ஒன்றுகூடத் தவறாமல்.